'ஹாய்' சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்

கேள்வி: ஊர் சேலம் பக்கம். பி.இ. முடித்து இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்தேன். ஆகஸ்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தேன். இது எட்டாவது வாரம். வகுப்பில் இதுவரை வாயே திறக்கவில்லை. கூடப் படிக்கும் அமெரிக்கர்கள் 'ஹாய், ஹௌ ஆர் யூ' என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் தெலுங்கு. நல்ல பையன்கள்தான், ஆனால் பேச்சு முழுக்க தெலுங்கில். பேராசிரியர் உட்பட எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அல்காரிதம்ஸ் மிட்டெர்மில் 58 வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடத்தை ட்ராப் செய்துவிடலாமா என்று பார்க்கிறேன். நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு வகுப்புத் தோழன் ஒருவன் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான்; போகத் தயக்கமாக இருக்கிறது. பேச்சு, பழக்கம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டால்தான் இங்கே ஒட்ட முடியுமா?

பதில்: தம்பி, பாடத்தை ட்ராப் செய்யலாமா என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதல் பதில் அதற்குத்தான். மற்றதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் குடிமுழுகாது. இது அப்படியில்லை. மாணவர் போர்ட்டலில் அந்த ட்ராப் பட்டன் பெரும்பாலும் தடையில்லாமல் வேலை செய்யும். நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பதைப் பற்றி அது கவலைப்படாது. எம்.எஸ். மாணவருக்கு முழுநேரப் படிப்பு என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம். ஒன்றை விட்டால் 6. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரியின் அனுமதி இல்லாமல் 6-க்கு இறங்கினால் விசா விதியை மீறியவர் ஆகிவிடுவீர்கள். சர்வதேச மாணவர்களை அமெரிக்க அரசு கண்காணிக்கும் 'செவிஸ்' பதிவே ரத்தாகலாம். பிறகு போய் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று நிற்பதில் பயன் குறைவு. முதலில் அனுமதி, பிறகு ட்ராப். இந்த வரிசை மாறவே கூடாது.

அந்த அனுமதிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம், வாசிக்க வேண்டிய பாடச்சுமை, அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாதது, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது: இந்தக் காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைக்க டி.எஸ்.ஓ. அனுமதிக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு முதல் செமஸ்டர் இப்படி இருக்கும் என்று தெரிந்தே எழுதி வைத்த விதி. ஆனால் ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். குறைத்த பிறகும் 6 கிரெடிட்டாவது கையில் இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் முழுப் பாடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு உள்ள சலுகை வேறு. அதற்கு மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியலாளரோ கடிதம் தர வேண்டும்.

ஒரே முறை வருகிற இந்தச் சலுகையை 58 மதிப்பெண்ணுக்காகச் செலவழிக்கலாமா? அதற்கு முன் அந்த 58-க்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். ஊரில் 58 என்றால் வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிற மார்க். அங்கே பல பேராசிரியர்கள் வகுப்பின் சராசரியை வைத்துத்தான் கிரேடு போடுகிறார்கள். சராசரி 52 என்றால் உங்கள் 58 'பி'-க்கு மேலேகூடப் போகலாம். சராசரி 80 என்றால் கதை வேறு. உங்கள் துறை கேன்வாஸ் என்ற பாட இணையதளத்தைப் பயன்படுத்தினால், மதிப்பெண் பக்கத்தில் அந்தத் தேர்வுக்கு நேரே இருக்கும் சிறு குறியை அழுத்திப் பாருங்கள். பேராசிரியர் மறைத்து வைக்காவிட்டால் வகுப்பின் சராசரி, அதிகபட்சம், குறைந்தபட்சம் மூன்றும் தெரியும். பிறகு சிலபஸை எடுத்து இன்னும் எத்தனை சதவீதம் பாக்கி என்று கூட்டுங்கள். மிட்டெர்ம் 25 சதவீதம்தான் என்றால் முக்கால் பங்கு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. எம்.எஸ்.-இல் பொதுவாக மொத்த ஜி.பி.ஏ. 3.0-க்குக் கீழே போகக் கூடாது. போனால் எச்சரிக்கைப் பட்டியலில் வைப்பார்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு முதலில் பேராசிரியரிடம் போங்கள், பிறகு டி.எஸ்.ஓ.-விடம். விலகுவதற்கான கடைசித் தேதி பல இடங்களில் ஒன்பதாவது, பத்தாவது வாரத்தில் வந்துவிடும். இது எட்டாவது வாரம். அதனால் அடுத்த திங்கட்கிழமை வரை ஒத்திப்போடாதீர்கள்.

பேராசிரியரிடம் எப்போது போவது? சிலபஸின் முதல் பக்கத்தில் 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்று போட்டிருக்குமே, அப்போது. அது அவருடைய ஓய்வு நேரம் என்று நினைத்து நம் பிள்ளைகள் பலர் டிசம்பர் வரை அந்தப் பக்கமே போவதில்லை. மாணவர்கள் கதவைத் தட்டுவதற்கென்றே ஒதுக்கிய நேரம் அது. யாரும் வராவிட்டால் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். வெறுங்கையோடு போய் 'எதுவும் புரியவில்லை' என்று நிற்காதீர்கள். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போய், என்ன முயன்றீர்கள், எந்த வரியில் நின்றுவிட்டது, ஏன் என்று நினைக்கிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். 'டியர் புரொஃபசர்' என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரை எழுதுங்கள். பதிலில் அவர் தன் முதல் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் நீங்களும் அப்படி அழைக்கலாம். கூச்சமாக இருந்தால் 'புரொஃபசர்' என்றே தொடருங்கள், ஒன்றும் தப்பில்லை.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நமக்கு டவுட் என்றால் கேள்வி. அவர் காதில் 'நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். இதே போல, '2022-ல் பாஸ்ட் அவுட்' என்றால் அங்கே மயங்கி விழுந்ததாக அர்த்தம். 'ரப்பர் இருக்கா' என்று பக்கத்து சீட்டில் கேட்டால் ஆணுறை கேட்கிறீர்கள், அது 'எரேசர்'. தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவது நமக்கு 'சரி'. பார்ப்பவருக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது. வாயால் 'யெஸ்' சொல்லிவிடுங்கள். மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த நாலைந்து சொற்களைத்தான். உச்சரிப்பை அமெரிக்கன் ஆக்கிக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். நம் ஆங்கிலத்தில் அவர்களுக்குப் புரியாமல் போவதற்கு வேகமே முக்கியக் காரணம்.

அடுத்து அந்த 'ஹாய்'. 'ஹௌ ஆர் யூ' கேள்வியே இல்லை, நம் ஊரில் எதிரே வருபவரைப் பார்த்து 'என்ன, கிளம்பியாச்சா?' என்பதைப் போன்றது. அதற்கு யாரும் நின்று எங்கே, எதற்கு என்று விளக்குவதில்லை அல்லவா? 'குட், யூ?' என்று நடந்துகொண்டே சொன்னால் கணக்கு நேர். 'வீ ஷுட் ஹேங் அவுட் சம்டைம்' என்பதும் பாதி மரியாதைதான். அது உண்மையா என்று பார்க்க வழி இருக்கிறது. 'வியாழன் வகுப்பு முடிந்ததும் காபி குடிக்கலாமா?' என்று நாளும் இடமும் குறித்துக் கேளுங்கள். 'வியாழன் முடியாது, வெள்ளி?' என்று பதில் வந்தால் ஆள் நிஜமாகவே சொன்னார். வேறு நாள் சொல்லாமல் இரண்டு முறை மறுத்தால் விட்டுவிடுங்கள். உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு வட்டம் இருக்கும்.

நட்புக்கு மணிக்கணக்கு உண்டு. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. நண்பன் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பனாக 200-க்கு மேல். இதை உங்கள் நிலைமைக்குப் போட்டுப் பாருங்கள். வராந்தாவில் பத்து வினாடி 'ஹாய்' பத்து வருஷம் சொன்னாலும் 50 மணி நேரம் ஆகாது. வாரம் 3 மணி நேரம் ஒரே மூன்று பேரோடு வீட்டுப்பாடம் போட்டால் 15 வார செமஸ்டரில் 45 மணி. உணவுக்கூடத்தில் வாரம் 12 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரே செமஸ்டரில் 180 மணி. நீங்கள் கலகலப்பானவரா, கூச்ச சுபாவமா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரே ஆட்களோடு ஒரே இடத்தில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதுதான் வருகிறது.

அதனால் 'எல்லாரோடும் கலந்து பழகு' என்ற அறிவுரையை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் 'எங்கே ஆளைக் காணோம்' என்று கேட்கிற மாதிரி மூன்று இடம் பிடியுங்கள். ஒன்று பாடம் சார்ந்தது. அல்காரிதம்ஸுக்குப் படிப்புக் குழு இல்லையென்றால், வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் 'செவ்வாய் 5 மணிக்கு நூலகத்தில் ஹோம்வொர்க் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா' என்று நீங்களே கேளுங்கள். ஒன்று விளையாட்டோ கைவேலையோ. பேட்மின்டன், இன்ட்ராமுரல் என்கிற உள் பல்கலைக்கழகப் போட்டிகள், பாறை ஏறும் சுவர் எதுவானாலும் சரி. உடற்பயிற்சி மையத்துக்கான பணத்தைப் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கியிருப்பார்கள். போகாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. மூன்றாவது, முடிந்தால் வளாகத்துக்குள் ஒரு வேலை. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை எஃப்-1 விதி அனுமதிக்கிறது. சம்பளத்துக்கும் வரிக்கும் அங்கே கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இந்த வேலை மூலம் கிடைத்துவிடும். வெளியே பெட்ரோல் பங்க்கிலோ மளிகைக் கடையிலோ ரொக்கச் சம்பளத்துக்கு யாராவது கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். அனுமதியில்லாத வேலை எஃப்-1-ஐ அங்கேயே முறித்துவிடும். மாணவர் சங்கங்கள் செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்தில் கடைபரப்பி ஆள் சேர்ப்பார்கள். அதைத் தவறவிட்டிருந்தாலும் ஜனவரியில் இன்னொன்று வரும்; நடுவில் போய்ச் சேர்ந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இனி பெயர். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். நாளுக்கு நாலு முறை அப்பா பெயரால் அழைக்கப்படுகிறவருக்கு அப்படியில்லை. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். வருகைப் பட்டியலில் 'சண்முகம், முத்துக்குமரன்' என்று அச்சாகிறது, வாசிப்பவர் முதலில் கண்ணில் பட்டதைக் கூப்பிடுகிறார். சர்நேமைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் மோசம்: விசாவில் முழுப் பெயரும் சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதையே பெயர் என்று நினைத்து 'ஃப்னூ' என்று கூப்பிடும் அலுவலகங்களும் உண்டு. செய்ய வேண்டியது இது. மாணவர் போர்ட்டலில் 'ப்ரிஃபர்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும்; அங்கே உங்கள் பெயரை எழுதினால் பல இடங்களில் வகுப்புப் பட்டியல், கேன்வாஸ் எல்லாம் தானாக மாறிவிடும். பெயரை உங்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். வங்கி, சோஷியல் செக்யூரிட்டி, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம் ஆகியவற்றில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் இருக்க வேண்டும். பேராசிரியரிடம் நேரில் ஒரு வரி: 'அது என் அப்பா பெயர், என்னைக் குமரன் என்று கூப்பிடுங்கள்.' பெயரைச் சுருக்குவது உங்கள் இஷ்டம். 'மைக்' என்று புதிதாக ஒன்று சூட்டிக்கொள்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு முறை சொல்லிக்கொடுத்தால் எந்தப் பெயரும் வாயில் நுழையும்.

வகுப்பில் பேசுவதற்கு ஒரு சூத்திரம்: முதல் 15 நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம். நேரம் போகப்போக, இனிமேல் பேசினால் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பயம் ஏறும். அதற்குள் நீங்கள் நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார். முந்தைய நாள் இரவே ஒரு கேள்வியைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது வரிசையில் உட்காருங்கள், கை தூக்கி அதை அப்படியே படியுங்கள். 'கேன் யூ கோ பேக் டு தி லாஸ்ட் ஸ்டெப்?' என்பதுகூடக் கணக்கில் சேரும். சில பாடங்களில் பங்கேற்புக்கென்றே 5, 10 சதவீத மதிப்பெண் வைத்திருப்பார்கள். வாய் திறக்காமல் இருந்தால் தயாராகாமல் வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அடக்கம் என்று யாரும் நினைப்பதில்லை.

சேர்ந்து படிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். படிப்புக் குழுவில் சேர்ந்து யோசிப்பது வேறு, சீனியர் எழுதிய புரோகிராமை வாங்கி வேரியபிள் பெயரை மாற்றி அனுப்புவது வேறு. ஊரில் இரண்டாவதற்கு உதவி என்று பெயர். அங்கே நேர்மைக் குழுவின் முன் விசாரணை. காப்பியடித்த புரோகிராம்களைக் கண்டுபிடிக்கும் 'மோஸ்' என்ற மென்பொருள் 1994 முதல் இருக்கிறது. அது பெயர்களைப் பார்ப்பதே இல்லை, புரோகிராமின் அமைப்பை ஒப்பிடுகிறது. மாட்டிக்கொண்டு இடைநீக்கம் ஆனால் விசாவும் சேர்ந்து போகும். எதுவரை சேர்ந்து செய்யலாம் என்று சிலபஸில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

தெலுங்கு நண்பர்கள் விஷயத்தில் உங்களுக்குக் குற்றவுணர்ச்சி வேண்டாம், மனத்தாங்கலும் வேண்டாம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். நாடுகளின் வரிசையில் முதலிடம். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் அவரவர் மொழிக்காரரோடு ஒதுங்குவது இயல்பு. மளிகை, வாடகை, காய்ச்சல் வந்தால் கஞ்சி என்று எல்லாவற்றுக்கும் அந்த வீடு உங்களுக்குத் தேவை. 'சாப்பிடும்போது மட்டும் இங்கிலீஷில் பேசுவோமா, எனக்கும் பழக்கமாகும்' என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். நாலு தெலுங்குச் சொல்லைக் கற்றுக்கொண்டு தப்பாகப் பேசினால் இன்னும் சீக்கிரம் வேலை நடக்கும்.

தாளிக்கும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை. அமெரிக்க அடுக்குமாடிகளில் அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. கடுகும் மிளகாய் வற்றலும் வெடித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளியுங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், குளிர்கால கோட்டுகளை அலமாரிக்குள் மாட்டுங்கள். அந்தத் துணி வாசனையை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவதற்கு அபராதம் உண்டு, வாடகை ஒப்பந்தமே முறியலாம்.

இந்தத் தொய்வு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1955-ல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். வெள்ளைக்காரர்கள், அதே மதம், பனி பழகியவர்கள். அவர்களிலும் 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள்தான் மிகவும் திணறியிருந்தார்கள். அதைவிடக் குறைவாக இருந்தவர்களும் அதிகமாக இருந்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள். ஆகவே அடுத்த வருஷமும் ஒரு சரிவு வரலாம். வந்தால் மிரள வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மனசும் கூடவே இறங்கும். காலை வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது நடந்துவிடுங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, வகுப்பைத் தவிர்த்து, அம்மா போனையும் எடுக்காமல் இருந்தால் அது ஏக்கம் என்ற அளவைத் தாண்டிவிட்டது. பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையத்தை அழையுங்கள். முதல் அழைப்பு வழக்கமாக இருபது நிமிடக் கேள்வி-பதில்தான். பல இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை தனிக் கட்டணம் இல்லை. அங்கே போவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்கோ பேராசிரியருக்கோ சொல்ல மாட்டார்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அமெரிக்காவின் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

தேங்ஸ்கிவிங் அழைப்புக்குக் கட்டாயம் போங்கள். நவம்பர் நாலாவது வியாழன். அன்று உணவுக்கூடம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், பஸ்ஸும் குறையும், ஊரே காலியாகிவிடும். தனியாக அறையில் உட்காருவதற்கு அதைவிட மோசமான நாள் வருஷத்தில் இல்லை. வீட்டுக்குக் கூப்பிட்டது வராந்தா மரியாதை இல்லை, நிஜ அழைப்பு. சைவம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் மேசையில் வான்கோழி நடுநாயகமாக இருந்தாலும் உருளைக்கிழங்கு மசியல், சோளம், பூசணி இனிப்பு எல்லாம் இருக்கும். உருளைக்கிழங்கோடு வரும் பழுப்பு நிறக் குழம்பிலும் ரொட்டித் துண்டு போட்ட ஸ்டஃபிங்கிலும் பெரும்பாலும் கறிச்சாறு இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். 2 மணி என்றால் 2 மணிக்குப் போங்கள். ஐந்து நிமிடம் பிந்தலாம், அரை மணி முந்தக் கூடாது. வெறுங்கையோடு போக வேண்டாம். எலுமிச்சை சாதம் ஒரு பாத்திரம் செய்து எடுத்துப் போகலாம், காரம் பாதி. நிலக்கடலை போடுவதானால் வருகிறவர்களில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று தோழனிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பாத்திரத்தின் மேலும் ஒரு துண்டுச் சீட்டில் 'பீனட்ஸ்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.